ஓய்வுக்குப் பின் முதல் கோடை: வேலூரில் இருந்தபடியே கோல்ஃப் பழகலாமா?

கேள்வி சுருக்கமாக இது. காட்பாடியில் இருக்கும் வங்கி அதிகாரி ஒருவர் மார்ச் மாதம் ஓய்வு பெற்றிருக்கிறார். வயது 60. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், நண்பர் ஒருவரின் பழைய கோல்ஃப் செட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் போய் ஆட மைதானம் இல்லை. பல வருடமாகக் கோடைக்கு எங்கும் போகாத துணைவியாருக்கு ஊட்டி பார்க்க ஆசை. "இந்த வெயிலில், இந்த வயதில், இதெல்லாம் தேவையா? தேவை என்றால் எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

தேவையா என்றால், நிச்சயம் தேவை, சார். வேலைக்குப் போன முப்பத்தைந்து வருடமும் விடிந்ததும் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் திடீரென்று இல்லாமல் போகும் முதல் கோடைதான் உடம்பையும் மனசையும் அதிகம் படுத்தும். கோல்ஃப் விடியற்காலை விளையாட்டு. வேலூர்க் கோடையில் மனிதன் வெளியே நடமாடத் தோதான நேரமும் அதுதான். இரண்டும் பொருந்தி வருவது உங்களுக்கு நல்லது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், மைதானத்திலிருந்து அல்ல. முதல் ஆறு வாரத்துக்கு மைதானம் வேண்டாம். புதிதாக ஆடுகிறவர் நேராக 18 குழி மைதானத்துக்குப் போனால் முதல் குழியிலேயே பத்துப் பன்னிரண்டு அடி அடித்து, பின்னால் வருகிறவர்களைக் காக்க வைத்து, கூச்சப்பட்டு அத்தோடு விட்டுவிடுவார். நன்றாக ஆடுகிறவர்களுக்குக்கூட மொத்த அடிகளில் ஏறக்குறைய பாதி, குழியைச் சுற்றி உருட்டுவதும் சின்னதாகத் தூக்கிப் போடுவதும்தான். அந்தப் பாதியை வீட்டிலேயே பழகிவிடலாம். ஏப்ரலும் மே முதல் வாரமும் வீட்டிலும் பாலாற்று மணலிலும். மே நடுவில் பெங்களூரில் மூன்று நாள், டிரைவிங் ரேஞ்சில், அதாவது ஒரே இடத்தில் நின்று பந்தடித்துப் பழகும் திடலில். மே கடைசியில், மலர்க் கண்காட்சிக் கூட்டம் வடிந்த பிறகு, தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் ஊட்டி. இந்த வரிசை மாறாமல் இருந்தால் நல்லது.

செட்டில் எத்தனை மட்டை இருந்தாலும் இப்போது ஐந்தை மட்டும் வெளியே எடுங்கள்: தூர அடிக்கு ஒரு ஹைபிரிட், உலோகத் தலை மட்டைகளில் 7 அயர்ன், 9 அயர்ன், மணலிலிருந்து தூக்க சேண்ட் வெட்ஜ், உருட்ட பட்டர். விதிப்படி 14 வரை கொண்டுபோகலாம், ஆனால் இருப்பதிலேயே நீளமான மட்டையான டிரைவரை இந்தக் கோடை முழுக்கக் கட்டியே வையுங்கள். அதன் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், கிட்டத்தட்ட நிமிர்ந்திருப்பதால் சிறு பிழையும் பெரிய வளைவாகிவிடும். பழைய செட்டில் முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடி ரப்பர். விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும், பளபளத்து வழுக்கினால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் பழைய பல் தூரிகையும் வைத்துத் தேயுங்கள். அப்படியும் வழுக்கினால் ரப்பரை மாற்றியே ஆக வேண்டும். வழுக்கும் மட்டையை இறுக்கிப் பிடிப்பதில்தான் முழங்கை வலி தொடங்குகிறது. இன்னொன்று, மே மாதத்தில் கார் டிக்கியில் செட்டை விட்டுவிடாதீர்கள். மூடிய காரின் சூட்டில் கைப்பிடிக்கு அடியிலுள்ள பசை இளகும், தலையையும் தண்டையும் சேர்க்கும் எபாக்ஸியும் நாளாவட்டத்தில் விட்டுக்கொடுக்கும். பந்தோடு சேர்ந்து மட்டைத் தலையும் பறப்பது இப்படித்தான்.

வலது கைப் பழக்கக்காரருக்குக் கையுறை இடது கைக்கு மட்டும். நல்லது மெல்லிய செம்மறித் தோலில் வரும். தோல் வியர்வையில் ஊறி வெயிலில் காய்ந்தால் விறைத்து வெடிக்கும் என்பதை ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். கழற்றியதும் சுருட்டிப் பையில் திணிக்காமல், விரல்களை நீவி நிழலில் காயவிடுங்கள்.

இனி உருட்டல். இதற்கு ஜமக்காளம்போல் ஒரு பொருள் இல்லை. பாயில் கோரையின் வரிகள் பந்தைத் தட்டிவிடும், மொசைக் தரையில் பந்து நிற்காமல் ஓடும். பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகள் நேராக ஓடுவதால் அவையே குறிக்கோடு. ஒரு கோட்டின் முனையில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வையுங்கள். மைதானத்துக் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், டம்ளர் வாய் ஏழெட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். சின்ன வாயில் பழகினால் குழி பெரிதாகத் தெரியும். பந்தைக் கோட்டின் மேல் வைத்து, இடது கண்ணுக்கு நேர் கீழே பந்து வருமாறு நில்லுங்கள். இதைச் சரிபார்க்க எளிய வழி, கண்ணிடமிருந்து இன்னொரு பந்தை நழுவ விடுவது. அது கீழே உள்ள பந்தின் மேல் விழ வேண்டும். மணிக்கட்டு அசையாமல், தோள்கள் இரண்டும் தராசுபோல் ஆட வேண்டும். ஒரு மீட்டரில் இருந்து நாளுக்கு 50 பந்து. பத்துக்கு எட்டு விழும் வரை தூரத்தைக் கூட்டாதீர்கள்.

இதில் தவறு பெரும்பாலும் தலையில்தான் நடக்கிறது. பந்து போகிறதா என்று பார்க்க அடிக்கும் அதே கணத்தில் தலை நிமிர, தலையோடு இடது தோளும் திறக்க, பந்து கோட்டை விட்டு நழுவும். டம்ளரில் பந்து விழும் 'டிங்' சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் நிமிர்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் பழக்கமாகிவிடும். துணைவியாரையும் கூப்பிட்டு உருட்டச் சொல்லுங்கள். பலத்துக்கு வேலையில்லாத பகுதி இது என்பதால் இதுவரை மட்டையே தொடாதவர்கள்கூட ஒரு வாரத்தில் நன்றாக உருட்டுகிறார்கள். ஊட்டிக்கு இரண்டு பேரும் ஆட்டக்காரர்களாகவே போகலாம்.

மொட்டை மாடியில் வலை கட்டி அடிக்கலாம், ஆனால் வலை விஷயத்தில் பணத்தைக் கொட்டி ஏமாறுகிறவர்கள் அதிகம். விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் கிரிக்கெட் வலையின் கண் பெரும்பாலும் 45 முதல் 50 மில்லிமீட்டர். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர், எடை 46 கிராமுக்குச் சற்றே குறைவு. கிரிக்கெட் வலையில் புகுந்து எதிர்வீட்டு ஜன்னலை உடைக்க அது போதும். 20 முதல் 25 மில்லிமீட்டர் கண்ணுள்ள நைலான் வலை கேட்டு வாங்குங்கள். அகலம் மூன்று மீட்டர், உயரம் மூன்று மீட்டருக்குக் குறையக் கூடாது. இழுத்துக் கட்டினால் பந்து அதே வேகத்தில் உங்கள் முழங்காலுக்குத் திரும்பி வரும், ஆகவே தொய்வாகத் தொங்க விடுங்கள். வலைக்கு ஒரு அடி பின்னால் பழைய படுதா ஒன்றைக் கீழ்ப்பக்கம் கட்டாமல் தொங்கவிட்டால் வேகம் அதில் செத்துவிடும். நிற்கும் இடம் வலையிலிருந்து மூன்று மீட்டர். காலுக்கும் பந்துக்கும் கீழே இரண்டு அங்குல ஃபோம், அதன்மேல் தேங்காய் நார் மிதியடி. வெறும் தட்டோட்டின் மேல் மட்டை பட்டால் ஓடும் உடையும், அதிர்ச்சி நேராக முழங்கைக்கும் ஏறும்.

பிடியும் நிற்கும் விதமும் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மட்டை உள்ளங்கையில் அல்ல, இடது கை விரல்களின் அடிக்கணு நெடுக்கக் கிடக்க வேண்டும். வலது கைச் சுண்டுவிரல் இடது ஆள்காட்டி விரலின் மேலோ இடுக்கிலோ உட்காரட்டும். பிடியின் இறுக்கம் தோசைத்திருப்பியைப் பிடிக்கும் அளவுதான், உலக்கை பிடிக்கும் இறுக்கம் வேண்டாம். கால்கள் தோளகலம், 7 அயர்னுக்குப் பந்து இரண்டு காலுக்கும் நடுவில். இடுப்பிலிருந்து குனியுங்கள், முதுகை வளைக்காதீர்கள்.

டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடி வளர்ந்த நம் ஆட்களுக்கு இரண்டு பழக்கம் தடையாக வரும். ஒன்று, பந்தைத் தூக்கியடிக்கப் பார்ப்பது. 7 அயர்னின் முகம் ஏற்கெனவே முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கிறது, தூக்கும் வேலை அதனுடையது. நீங்கள் தூக்கப் போனால் உடல் எடை பின்காலில் தங்கி, மட்டையின் விளிம்பு பந்தின் தலையில் பட்டு, பந்து தரையோடு ஓடும். மட்டை கீழ்நோக்கி வரும்போதே பந்தில் பட்டு, அதற்குப் பிறகுதான் தரையைத் தொட வேண்டும். இரண்டாவது, வலது தோளைக் கொண்டு இழுத்தடிப்பது. மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வரும், மட்டையின் முகம் அந்தப் பாதைக்கு வலப்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும், பந்து வலப்பக்கம் வாழைப்பழமாக வளையும். இதைத்தான் ஸ்லைஸ் என்கிறார்கள். திருத்த வழி: வலது அக்குளில் ஒரு கைத்துண்டை இடுக்கிக்கொண்டு முக்கால் வீச்சில் அடியுங்கள். பந்தில் படுவதற்குள் துண்டு விழுந்தால் தோள் முந்திவிட்டது என்று பொருள்.

முதல் இரண்டு வாரம் நாளுக்கு 40 பந்துக்கு மேல் வேண்டாம். ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் வேண்டாம். அறுபது வயதில் முழங்கையின் உள்பக்கத் தசைநாண் புண்ணானால் ஆற மாதக்கணக்கில் ஆகும், கோடை போய்விடும்.

வேலூர்க்காரர்களுக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதி உண்டு. வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணலாகக் கிடக்கும் பாலாறு. தண்ணீர் ஓடாத ஆற்றைப் பார்த்து மனசு வலிக்கும்தான், ஆனால் பங்கர் எனப்படும் மைதானத்து மணல் பள்ளத்திலிருந்து அடிக்கப் பழக அதைவிடப் பெரிய மணல்வெளி எங்கும் கிடைக்காது. சேண்ட் வெட்ஜின் அடிப்புறம் புடைத்திருப்பதைப் பாருங்கள். அந்தப் புடைப்புக்கு பவுன்ஸ் என்று பெயர், மட்டை மணலுக்குள் புதையாமல் சறுக்கிப் போவது அதனால்தான். முகத்தைச் சற்றுத் திறந்து பிடித்து, கால்களை மணலில் புதைத்து நின்று, பந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால் மணலில் ஒரு கோடு கிழியுங்கள். முதல் இரண்டு நாள் பந்தே வேண்டாம், கோட்டில் மட்டை நுழைகிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு பந்தை வையுங்கள். அடி விழுவது மணலில், பந்து அந்த மணலின் மேல் ஏறி வெளியே போகிறது. பாதியில் தயங்கி நிறுத்துவதுதான் இங்கே செய்யும் பெரிய தவறு. வீச்சை முழுதாக முடியுங்கள். கோடை மழை பெய்த மறுநாள் மணல் இறுகியிருக்கும், அன்று அதே அடியில் பவுன்ஸ் துள்ளி, விளிம்பு பந்தின் நடுவில் பட்டுப் பந்து நெடுந்தூரம் பறந்துவிடும். காய்ந்த மணலில் மட்டும் பழகுங்கள்.

இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள், கண்ணாடிச் சில்லு, சாக்கடையோ தோல் கழிவோ கலந்த இடம் இவற்றைத் தள்ளிவிடுங்கள். ஆற்றில் குறுக்கே நடப்பவர்கள், மாடு மேய்ப்பவர்கள் உண்டு, அதனால் 15 மீட்டருக்கு மேல் அடிக்காதீர்கள். கொண்டுபோன பந்தை எண்ணிக் கொண்டுபோய் எண்ணி எடுத்து வாருங்கள். கோட்டை வெளியிலும் விளையாட்டரங்கிலும் நடக்கலாம், பந்து அடிக்கவே கூடாது. காலையில் அங்கே எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

நடையும் பயிற்சிதான். 18 குழி ஆடினால் எட்டு முதல் பத்துக் கிலோமீட்டர் நடந்திருப்பீர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் காலில் நிற்பீர்கள். மூன்று கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு ஒன்று கூட்டுங்கள். நான்காவது வாரம் முதல் ஐந்து மட்டை உள்ள பையைத் தோளில் போட்டே நடங்கள். ஒரு ஞாயிறு இரண்டு பேருமாக ஏலகிரி போய், பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறியதும் மேலே மேடு பள்ளத்தில் நடந்து பாருங்கள். சமதளத்தில் நடக்கும் காலும் சரிவில் நிற்கும் காலும் வேறு வேறு.

வெயிலைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடிகிறது. வேலூரில் அந்த நாட்களில் 40 டிகிரி தாண்டுவது சர்வசாதாரணம், சுற்றிலும் உள்ள பாறைக் குன்றுகளும் மாடித் தளமும் பகலில் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே மாலை வேண்டாம். 5.30-க்குத் தொடங்கி 7.30-க்கு முடியுங்கள். கிளம்பும் முன் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழோ இரண்டு இட்லியோ போதும். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் தண்ணீர், தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. திரும்பி வந்ததும் நீர்மோர், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு.

மாத்திரைதான் முக்கியம். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக வெளியேற்றும், சில இதயத் துடிப்பை ஏற விடாது. இரண்டுமே வெயிலில் ஆளைச் சாய்க்கக்கூடியவை. குனிந்து பந்தை எடுத்து நிமிரும்போது கண் இருட்டினால் அதுதான் முதல் எச்சரிக்கை. தொடங்கும் முன்பே மருத்துவரிடம் மாத்திரையைக் காட்டி, கோடைக்கு அளவோ நேரமோ மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். உப்பு சேர்ந்த ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். தலைவலி, குமட்டல், கால் தசை இழுப்பு வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தி நிழலுக்குப் போங்கள். பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ அது வெப்பவாதம். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். இதைத் துணைவியாருக்கும் சொல்லி வையுங்கள்.

பெங்களூர்ப் பயணம் காட்பாடியிலிருந்து ரயிலில் சுலபம். டிரைவர் இல்லாததால் பை குட்டையாகிவிடும். மட்டைத் தலைகளைப் பழைய காலுறைகளில் நுழைத்து, போர்வையில் சுற்றி மேல்தட்டில் படுக்க வைத்துவிடலாம். 1876-இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப், கர்நாடகா கோல்ஃப் சங்கம் போன்றவை உறுப்பினர்களுக்கான இடங்கள். விருந்தாளியாகப் போக உறுப்பினர் ஒருவர் கூட்டிப்போக வேண்டும், அல்லது உங்கள் கிளப்புக்கு அங்கே இணைப்பு இருக்க வேண்டும். மகனை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். விருந்தினர் கட்டணம், மட்டைப் பையைச் சுமந்து கூடவே வரும் கேடியின் கூலி, ரேஞ்சில் ஒரு வாளிப் பந்துக்கு எவ்வளவு, எந்தக் கிழமைகளில் வெளியாட்களை விடுகிறார்கள், இந்த நான்கையும் கேட்டால் போதும். காலர் வைத்த டி-ஷர்ட்டை உள்ளே விட்டு, ஜீன்ஸ் அல்லாத கால்சட்டை. ரேஞ்சில் பயிற்சியாளர் ஒருவரிடம் இரண்டு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் தனியாகப் பழகியதில் எது கோணல் என்று அவர் பத்தே பந்தில் சொல்லிவிடுவார். தொடக்கத்திலேயே போயிருந்தால் அந்தப் பாடத்தில் பாதி, மட்டை பிடிக்கவே செலவாகியிருக்கும்.

கேடியை மரியாதையாக நடத்துங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். மைதானத்தின் சரிவு அவர்களுக்குத் தெரிவதுபோல் யாருக்கும் தெரியாது. பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பனையே வென்றவர்.

ஊட்டிக்குச் சாலை வழியாக 400 கிலோமீட்டர் அளவில் வரும். நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் காட்பாடி வழியாகவே மேட்டுப்பாளையம் போகிறது. காரில் போனால் நீலகிரிக்குள் வண்டியை விடும் இ-பாஸ் தேவையா என்று பார்த்து முன்பே எடுத்துவிடுங்கள், நெகிழித் தண்ணீர்ப் பாட்டிலுக்கு அங்கே தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். ஊட்டி ஜிம்கானா கிளப்பின் 18 குழி மைதானம் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில், புல்மேட்டுச் சரிவுகளில் கிடக்கிறது. போன அன்றே ஆடாதீர்கள், மூச்சு வாங்கும். காற்று மெலிந்திருப்பதால் பந்து எட்டு முதல் பத்து சதவீதம் கூடுதலாகப் போகும். கீழே 100 மீட்டர் போன 7 அயர்ன் அங்கே 110 போகலாம், எனவே தூரம் குறைவாகப் போகும் மட்டையாக எடுங்கள் (அயர்னில் எண் கூடக் கூடத் தூரம் குறையும்). குளிருகிறதே என்று தொப்பியை விட்டுவிடாதீர்கள், உயரத்தில் வெயில் இன்னும் உறைப்பாகச் சுடும். மதியத்துக்கு மேல் மே மாத மழை வரக்கூடும், ஆகவே காலை ஆட்டம், வார நாளில், ஒன்பது குழி மட்டும்.

முதல் ஆட்டத்துக்கு ஒரு கணக்கு: ஒரு குழியின் பார், அதாவது அதை முடிக்க வைத்திருக்கும் அடிக்கணக்கு, நான்கு என்றால் எட்டு அடியில் முடியாவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடங்கள். தொலைந்த பந்தைத் தேட விதிப்படி மூன்று நிமிடம்தான். பெயர்த்த புல்லைத் திரும்ப அமுக்கி வையுங்கள், மணலில் கால் தடத்தைச் சமன் செய்யுங்கள். ஆள் இருக்கும் பக்கம் பந்து போனால் வெட்கப்படாமல் "ஃபோர்!" என்று கத்துங்கள்.

மூன்று நாள் தங்கினால் ஒரு காலை மட்டும் கோல்ஃபுக்கு. மற்ற இரண்டு காலையும் துணைவியாருக்கு உரியவை, தாவரவியல் பூங்காவோ குன்னூர் வரை மலை ரயிலோ, அவர் சொல்கிற இடம். உடம்புக்கும் அதுதான் சரி, சரிவில் ஒன்பது குழி நடந்த தொடை அடுத்த நாள் ஓய்வு கேட்கும்.

திரும்பும்போது சாலை வழி என்றால் பவானியைத் தாண்டித்தான் வருவீர்கள். வீட்டு ஜமக்காளம் பழையதாகியிருந்தால் அங்கே கெட்டியாக நெய்த ஒன்றை வாங்குங்கள். மூன்று மீட்டர் நீளமாவது இருக்கட்டும். மடித்து வைக்காமல் சுருட்டி வையுங்கள், மடிப்புத் தடம் விழுந்தால் பந்து சரியாக அந்த இடத்தில் திரும்பிவிடும்.